பழைய ஆக்டேவியாவில் பானெட் ஷாக் போய்விட்டது: புதிது போடுவதா, கேஸ் ஏற்றுவதா, கம்பி வைப்பதா?

பீளமேடு டீசல்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2004 ஸ்கோடா ஆக்டேவியா, 1.9 டீசல் கார். அப்பா வாங்கிய வண்டி, இன்னமும் வீட்டில் அதுதான் ஓடுகிறது. இன்ஜினில் ஒரு குறை சொல்ல முடியாது. இப்போது பிரச்சினை பானெட்டைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ஷாக். இந்த மாடலில் ஒரு பக்கம் மட்டும், ஒரே ஒரு ஷாக்தான்.

போன மார்கழியில் ஆரம்பித்தது. காலையில் திறந்தால் மெல்ல மெல்ல இறங்கி வரும். ஓட்டிவிட்டு வந்து மதியம் திறந்தால் ஆடாமல் நிற்கும். சரி, பனிக்கு அப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். சித்திரை வந்தபோது மதியமும் நிற்கவில்லை. அப்புறம் ஷெட்டில் கிடந்த மாப்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பழகிவிட்டோம்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு. அப்பாவுக்கு 71 வயது. ஞாயிற்றுக்கிழமை ஆயில் பார்க்காமல் காலைக் காபி குடிக்க மாட்டார். டிப்ஸ்டிக்கைத் துடைத்துத் திரும்பச் சொருகக் குனிந்தவரின் முழங்கை கட்டையில் பட்டுவிட்டது. கட்டை சரிந்த சத்தமும் பானெட் விழுந்த சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டன. பானெட்டின் அடியில் இருக்கும் லாக் கொக்கி பின்மண்டையில் இறங்கியது. நான்கு தையல். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதுதான் பார்த்தேன், டிப்ஸ்டிக்கை இன்னும் கையிலேயே பிடித்திருந்தார்.

இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தக் கட்டையை வைத்தவன் நான். இனி இதைத் தள்ளிப்போட மாட்டேன்.

கேட்ட இடத்தில் எல்லாம் ஒவ்வொரு பதில். ஒரு ஸ்பேர்ஸ் கடையில் "வேற வண்டி டிக்கி ஷாக் ஒண்ணு இருக்கு, நீளம் சரியா வரும், போட்டுக்கலாம்" என்றார்கள். இன்னொருவர் பழைய ஷாக்கிலேயே கேஸ் ஏற்றித் தருவதாகச் சொன்னார், 400 ரூபாய். தெரிந்த மெக்கானிக் ஒருவர், ஷாக்கைக் கழற்றிவிட்டு மாருதியில் இருப்பது போல் கம்பி வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்கிறார். ஷாக்கில் இருந்த லேபிள் ஆயிலும் புழுதியும் பட்டு அழிந்துவிட்டது, எத்தனை நியூட்டன் விசைக்கானது என்று படிக்க முடியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சிங்காநல்லூர் பட்டறை:

அப்பாவுக்குச் சீக்கிரம் குணமாகட்டும் தம்பி. முதல் வேலையாக அந்தக் கட்டையைத் தூக்கிப் போடுங்கள். பட்டறையில் இருபது வருடமாக இருக்கிறேன். பானெட் விழுந்து அடிபட்டவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கம்பையோ குடையையோ முட்டுக் கொடுத்தவர்கள்தான். கம்புக்கு மேலேயும் கீழேயும் பிடிமானம் கிடையாது. முழங்கை தட்டினாலும் போதும், பக்கத்தில் லாரி போன காற்று அடித்தாலும் போதும்.

புது ஷாக் வரும் வரைக்கும் இதைச் செய்யுங்கள். கெட்டியான பி.வி.சி. பைப் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பானெட்டை முழுதாகத் தூக்கியதும் ஷாக்கில் வெளியே தெரியும் தண்டின் நீளம் எவ்வளவோ, அதற்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) குறைவாகப் பைப்பை வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுப் பிளந்துகொள்ளுங்கள். தண்டின் மேல் மாட்டி, இரண்டு ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கிவிட்டால் தண்டு உள்ளே போகவே வழியில்லை. ஒரு விஷயம் முக்கியம். பைப்பின் உள்வட்டம் ஷாக்கின் உடலை விடச் சின்னதாக இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் உடல் பைப்புக்குள்ளேயே இறங்கிவிடும். கீழ் முனைக்கும் அதே கணக்கு. மாட்டும்போதும் கழற்றும்போதும் ஒருவர் பானெட்டைப் பிடித்திருக்க வேண்டும்.

கட்டிங் பிளேயரோ வைஸ் கிரிப்போ வைத்துத் தண்டைக் கவ்விப் பிடிக்க வைக்கும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. செத்துப்போன ஷாக் என்றால் போகட்டும். பாதி உயிர் இருக்கும் ஷாக்கில் அதைச் செய்தால் தண்டின் குரோமில் கீறல் விழும். அந்தக் கீறல் ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும், வாயு கசியாமல் அடைத்து வைக்கும் ரப்பர் சீலை அறுக்கும். ஒரே மாதத்தில் முழுசாகப் போய்விடும்.

குன்னூர் வளைவு:

காலையில் இறங்கி மதியம் நிற்பது எங்கள் ஊரில் எல்லா வண்டிக்கும் நடக்கும் கதை. மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தித் திறந்தால் ஜம்மென்று நிற்கும். ஊட்டியில் தை மாதக் காலையில் அதே பானெட்டைத் தூக்கினால் கையை விட்டதும் இறங்கும். அதைப் பார்த்ததும் மாற்றிவிட வேண்டும். ஷாக் கொடுக்கும் முதல் எச்சரிக்கை அதுதான், பெரும்பாலும் அது ஒன்றுதான்.

வடவள்ளி இயற்பியல்:

மேலே நண்பர் சொன்னதற்குக் காரணம் எளிது. பள்ளியில் பாடம் எடுப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்தால் என்ன வாங்குவது என்பதும் தானாகவே புரியும்.

இதைப் பலர் ஹைட்ராலிக் என்று சொல்கிறார்கள். பானெட்டைத் தாங்குவது எண்ணெய் அல்ல, நைட்ரஜன் வாயு. மூடிய உருளைக்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன், அதோடு சில மில்லி எண்ணெய். எண்ணெயின் வேலை சீல் காயாமல் பார்த்துக்கொள்வதும், தண்டு கடைசியில் வந்து இடிக்காமல் மெதுவாக்குவதும்தான். பிஸ்டனில் சின்னத் துளை உண்டு, அதனால் இரு பக்கமும் ஒரே அழுத்தம். ஆனால் ஒரு பக்கத்தில் தண்டு இருப்பதால் அந்த அளவுக்குப் பரப்பு குறைகிறது. வாயு தண்டை வெளியே தள்ளும் விசை, அழுத்தத்தைத் தண்டின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் வருவது.

எண்ணில் பாருங்கள். தண்டு 8 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ. அதிலிருந்து 400 நியூட்டன் வேண்டுமென்றால் உள்ளே 80 பார் அழுத்தம் இருக்க வேண்டும். நம் கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார். விரல் பருமன் குழாய்க்குள் டயரைப் போல முப்பத்தைந்து மடங்கு அழுத்தம் அடைபட்டுக் கிடக்கிறது. அந்த 80 பாரையும் வருடக்கணக்கில் காத்து நிற்பது ஒரு ரப்பர் சீல். அது தேயத் தேய வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

இனி குளிர். மூடிய பாத்திரத்தில் இருக்கும் வாயுவின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர் விகிதம். 20 டிகிரி என்பது 293 கெல்வின். ஊட்டிக் காலையில் 2 டிகிரி என்றால் 275. விசை 6 சதவீதம் குறைகிறது. ஓட்டி முடித்து இன்ஜின் சூட்டில் ஷாக் 65 டிகிரிக்குப் போனால் 338. விசை 15 சதவீதம் கூடுகிறது. புது ஷாக்கில் இந்த ஏற்ற இறக்கம் வெளியே தெரியாது, கைவசம் கொஞ்சம் கூடுதல் பலம் வைத்துத்தான் செய்திருப்பார்கள். தேய்ந்து எல்லைக்கோட்டில் நிற்கும் ஷாக்கில்தான் அந்த 6 சதவீதம் பானெட்டைக் கீழே இறக்கும்.

லேபிள் அழிந்தது ஒரு பெரிய இடைஞ்சல் இல்லை. எத்தனை நியூட்டன் வேண்டும் என்று நீங்களே அளந்துவிடலாம். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். ஷாக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பானெட்டை ஒரு சாண் மட்டும் திறந்து, முன்னால் லாக் கொக்கி இருக்கும் இடத்தில் தராசை மாட்டி நேராகத் தூக்குங்கள். எத்தனை கிலோ காட்டுகிறது, அந்த இடம் கீலிலிருந்து எத்தனை மீட்டர், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பானெட் முழுதாகத் திறந்த நிலையில் தரைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று செல்போனில் இருக்கும் மட்டப்பலகைச் செயலியில் பாருங்கள். கடைசியாக, ஷாக் நிற்கும் கோட்டுக்கும் கீலுக்கும் நடுவே உள்ள செங்குத்துத் தூரம், அதாவது அந்தக் கோட்டுக்கு 90 டிகிரியில் அளந்த தூரம். ஒரு நூலை ஷாக்கின் இடத்தில் இழுத்துக் கட்டி, மூலைமட்டம் வைத்து அளக்கலாம். நான்கு எண்ணையும் இங்கே போடுங்கள், கணக்கை நான் பார்க்கிறேன்.

கேஸ் ஏற்றினவன்:

இவ்வளவு எல்லாம் எதற்கு? என் டிக்கி ஷாக் இரண்டுக்கும் கேஸ் ஏற்றித்தான் ஓட்டினேன். ஓட்டை போட்டு, வால்வு வைத்து, நைட்ரஜன் அடித்துக் கொடுத்தார்கள். எட்டு மாதம் நன்றாக நின்றது. புதிது வாங்கப் பணம் இருந்தால் வாங்கட்டும், இல்லாதவர்களுக்கு இதுவும் ஒரு வழி.

சிங்காநல்லூர் பட்டறை:

எட்டு மாதம் கழித்து என்ன ஆனது சார்?

கேஸ் ஏற்றினவன்:

ஒரு பக்கம் இறங்கிவிட்டது. புதுசு போட்டேன்.

சிங்காநல்லூர் பட்டறை:

தப்பாக நினைக்காதீர்கள், மறுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. வாயு போனதற்குக் காரணம் சீல். சீலை மாற்றாமல் வாயுவை மட்டும் ஏற்றினால் வந்த வழியாகவே திரும்பப் போகும். இந்த ஷாக்கின் வாயைக் கம்பெனியில் மடித்து அடைத்துவிடுகிறார்கள், திறந்து சீல் மாற்றும்படி அது செய்யப்படவே இல்லை.

அதைவிட எனக்குப் பயம் அந்த ஓட்டை. வாத்தியார் சொன்ன அழுத்தத்தை நினைத்துப் பாருங்கள். முழுசாக இறங்கிவிட்டது என்று நினைத்துத் துளை போடும்போது உள்ளே மீதி இருந்தால், எண்ணெயும் இரும்புத் துகளும் நேராகக் கண்ணுக்கு வரும். எந்த அளவு ஏற்றினார்கள் என்பதற்கும் கணக்குக் கிடையாது. கூடுதலாக ஏற்றிய ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறேன். பானெட்டை மூட இரண்டு கையாலும் அமுக்க வேண்டியிருந்தது, கீல் பக்கம் தகடு மடிந்துவிட்டது. அந்தத் தகடு வேலைக்கு ஆன செலவில் நாலு ஷாக் வாங்கியிருக்கலாம்.

ஷார்ஜா சாலை:

நான் 2002 லேண்ட் குரூசர் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு பக்கமும் ஷாக். இங்கே வெயிலில் நிறுத்தி நிறுத்தி சீல் ரப்பர் வெந்துவிடுகிறது, நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். இரண்டு ஷாக் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு முறை ஒன்றை மட்டும் மாற்றினேன். புதிய ஷாக் ஒரு பக்கம் தூக்க, பழையது மறு பக்கம் தூக்காமல் விட, மூடினால் பானெட் ஒரு மூலையில் அரை விரல்கடை எழும்பியே நின்றது. மறு பக்கமும் புதிதாகப் போட்ட பிறகுதான் ஒட்டி உட்கார்ந்தது.

கிணத்துக்கடவு:

என்னைக் கேட்டால் கம்பிதான் மேல். இரும்புக் கம்பிக்குச் சீல் இல்லை, கேஸ் இல்லை, குளிர் வெயில் கிடையாது. முப்பது வருடம் ஆனாலும் அதே மாதிரி நிற்கும்.

சிங்காநல்லூர் பட்டறை:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கம்பெனியிலேயே கம்பி வைத்து வந்த வண்டிக்கு அதைப் போல நம்பிக்கையான சாமான் வேறு இல்லை. ஆனால் அந்த வண்டிகளில் கம்பியின் கால் உட்காரும் இடத்திலும், பானெட்டில் அது சொருகும் துளையிலும் தகட்டைக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். ஆக்டேவியாவில் அப்படி எதுவும் கிடையாது. நாமாக ஓரிடத்தில் துளை போட்டால் பானெட்டின் எடை முழுவதும் மெல்லிய உள்தகட்டின் ஒரு புள்ளியில் இறங்கும். நாளடைவில் துளை வாய் பிளக்கும். வெல்டிங் அடித்த இடத்தில் பெயின்ட் வெந்து துரு ஏறும். இருபது வருடம் துருப்பிடிக்காமல் காப்பாற்றிய வண்டியில் அதைச் செய்ய எனக்கு மனசு வராது.

ஸ்காபரோ பனி:

வணக்கம் அண்ணை. ஐயாவுக்கு இப்ப சுகம் என்று வாசிக்க நிம்மதி. நான் இருக்கிறது கனடாவில், என்னுடைய வாகனம் 2005 ஃபோர்ரன்னர். இங்கே தையில் மைனஸ் பதினைந்துக்குப் போகும். வாத்தியாரின் கணக்குப்படி பார்த்தால் 258 கெல்வின், விசையில் 12 வீதம் போய்விடும். கோடையில் நல்லாய் நிற்கிற பொனற் குளிர் காலத்தில் தலையில் இறங்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. ஷாக்கின் இரண்டு முனையிலும் ஒரு குண்டு ஆணி இருக்கிறது, ஷாக்கின் குழி அதில்தான் கொளுவும். எல்லாரும் ஷாக்கை மட்டும் மாற்றிவிட்டு அந்த ஆணியைப் பார்ப்பதில்லை. இங்கே தெருவில் உப்புப் போடுவதால் என்னுடையது துருப்பிடித்துத் தேய்ந்திருந்தது. புது ஷாக்கைக் கொளுவி இரண்டாம் நாள், குழி ஆணியில் இருந்து கழன்றுவிட்டது. நல்ல காலம், நான் அப்போது உள்ளே குனிந்திருக்கவில்லை. ஆணியைத் துடைத்து, பளபளப்பாய் உருண்டையாய் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கோ. பள்ளம் இருந்தால் அதையும் மாற்றுங்கோ. குண்டின் விட்டம் 10 மி.மீ. உள்ளதும் உண்டு, 8 உள்ளதும் உண்டு. மாறிக் கொளுவினால் ஆடிக்கொண்டே இருக்கும்.

பீளமேடு டீசல்:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை தம்பியும் நானும் அளந்தோம். கொக்கித் தராசில் 8.5 கிலோ. கீலிலிருந்து 95 செ.மீ. திறந்த கோணம் 50 டிகிரி. நூலுக்கும் கீலுக்கும் செங்குத்துத் தூரம் 14 செ.மீ.

கழற்றிய பழைய ஷாக்கையும் சோதித்தோம். வீட்டில் எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, ஒரு மரப்பலகை போட்டு, தண்டு கீழ்ப்பக்கம் இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி மெதுவாக அமுக்கினோம். தண்டு உள்ளே நகர ஆரம்பித்தபோது 24 கிலோ காட்டியது. தண்டைத் துணியால் துடைத்தால் கறுப்பாக எண்ணெய் ஒட்டுகிறது.

வடவள்ளி இயற்பியல்:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். தராசில் வந்ததை விசையாக்கி 0.95 மீட்டரால் பெருக்கினால், பானெட் கிடைமட்டமாக இருக்கும்போது கீலைச் சுற்றி வரும் திருப்புத்திறன் (எடை பானெட்டைக் கீழே திருப்பும் வலு) சுமார் 79 நியூட்டன் மீட்டர். 50 டிகிரி சாய்ந்து நிற்கும்போது கோசைன் மதிப்பு 0.643. ஆக சுமார் 51. அதை 0.14-ஆல் வகுத்தால் 364 நியூட்டன். இது பானெட் அப்படியே நிற்கத் தேவையான குறைந்தபட்சம். குளிருக்கும் தேய்மானத்துக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 400.

உங்கள் பழைய ஷாக் காட்டிய 24 கிலோ என்பது 235 நியூட்டன். இன்ஜின் சூட்டில் 15 சதவீதம் கூடினாலும் 270-தான், 364 எட்டாது. சித்திரை மதியத்திலும் அது ஏன் நிற்கவில்லை என்பதற்குப் பதில் இங்கேயே இருக்கிறது.

கடையில் கேட்கும்போது நான்கு அளவு சொல்லுங்கள். முழுதாக நீண்ட நிலையில் ஒரு குண்டின் மையத்திலிருந்து மறு குண்டின் மையம் வரை உள்ள நீளம், தண்டு உள்ளே போய் வரும் தூரம், குண்டின் விட்டம், நியூட்டன். நீளம் மட்டும் பொருந்தினால் போதாது. டிக்கி ஷாக் ஒன்று நீளத்தில் சரியாக வந்தாலும், அதன் உடல் நீளமாகவும் தண்டு குட்டையாகவும் இருந்தால் பானெட் மூடாது. தெரியாமல் அமுக்கினால் தகடுதான் மடங்கும். நியூட்டனையும் கூட்டி வாங்காதீர்கள். உங்களுக்கு ஒரே பக்கம் ஷாக் என்பதால் 600 போட்டால் பானெட் அந்தப் பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

புதுப்பேட்டை சாமான்:

சென்னையில் ஸ்பேர்ஸ் வாங்கி விற்கும் தொழில் என்னுடையது. கழற்றிய பழைய ஷாக் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், நான் விற்பதும் இல்லை. வண்டி ஓடாமல் பத்து வருடம் நின்றிருந்தாலும் சீலுக்கு வயது ஆகிக்கொண்டுதான் இருக்கும். புதிதில் ஜெர்மனியின் ஸ்டாபிலஸ் செய்யும் லிஃப்ட்-ஓ-மேட் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் அதுதான் கம்பெனியிலிருந்தே வரும். உடல் மேலேயே நியூட்டனும் செய்த தேதியும் அச்சிட்டிருக்கும். ரொம்ப நாள் கடையில் தூங்கிய பீஸாக இல்லாமல் பார்த்து எடுங்கள். வேறு பிராண்டு என்றாலும் சரிதான், உடலில் நியூட்டன் அச்சிட்டிருக்க வேண்டும். எதுவுமே எழுதாத கறுப்புக் குழாயை மட்டும் வாங்காதீர்கள்.

பீளமேடு டீசல்:

வண்டியின் மாடலுக்கே உரியது கிடைத்துவிட்டது. ஆர்டர் கொடுத்து பத்து நாள் காத்திருந்தேன், 1,850 ரூபாய். வந்ததும் முதலில் பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தோம், குண்டு அளவும் ஒன்றுதான். எனக்கு வந்த நீளத்தை இங்கே போடவில்லை. யாராவது அதை நம்பி அளக்காமல் ஆர்டர் செய்துவிடக் கூடாது.

மாட்டியது இப்படி. தம்பி முன்னால் நின்று பானெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், வேறு எதையும் முட்டுக் கொடுக்கவில்லை. ஷாக்கின் முனையில் குழியைச் சுற்றி ஒரு கம்பி கிளிப் இருக்கிறது. சின்ன ஸ்க்ரூடிரைவரை அதன் அடியில் விட்டு லேசாக நெம்பினால் போதும், முழுசாகக் கழற்றத் தேவையில்லை. முதல் முறை நான் கூடுதலாக நெம்பி, கிளிப் தெறித்து பேட்டரிக்குப் பின்னால் போய்விட்டது. கிளிப் எழும்பியதும் ஷாக்கைக் குண்டிலிருந்து நேராக இழுத்தால் வந்துவிடுகிறது. ஸ்காபரோ நண்பர் சொன்னபடி இரண்டு குண்டையும் துணியால் துடைத்து விரலால் தடவிப் பார்த்தேன். மேலே இருந்தது கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே இருந்ததில் புழுதியும் கிரீஸும் சேர்ந்து கட்டிப் போயிருந்தது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபின் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. துளி கிரீஸ் குண்டில் மட்டும் வைத்தேன்.

பழையது எந்தப் பக்கமாக இருந்ததோ அதே பக்கமாகத்தான் புதியதையும் வைத்தேன். திறந்து நிற்கும்போது தண்டு கீழ்ப்பக்கம். குழியைக் குண்டின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து. 'டக்' என்று கேட்டது. மறு முனையிலும் அதே சத்தம். இரண்டையும் இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை.

சிங்காநல்லூர் பட்டறை:

தண்டில் கிரீஸ், ஆயில், ஸ்ப்ரே எதுவும் போட்டுவிடாதீர்கள் தம்பி. புழுதி ஒட்டி, உப்புத்தாள் போல சீலைத் தேய்க்கும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்டு கீழே இருப்பதும் சரி, உள்ளே இருக்கும் எண்ணெய் சீலின் மேல் தங்கும். மூடும்போது முதல் தடவை பாதியில் நிறுத்தி, ஷாக் எதிலாவது இடிக்கிறதா என்று பார்த்தீர்களா?

பீளமேடு டீசல்:

பார்த்தோம் அண்ணா. எங்கும் இடிக்கவில்லை. மூடியபின் இரண்டு பக்கத்து இடைவெளியும் ஒரே மாதிரி இருக்கிறது. இப்போது முக்கால்வாசி தூக்கியதும் மீதியைத் தானே எடுத்துக்கொண்டு போகிறது. இருபது வருடம் முன்பு இப்படித்தான் இருந்திருக்கும், எனக்கு மறந்தே போயிருந்தது.

ஸ்காபரோ பனி:

நல்லது அண்ணை. பழைய ஷாக்கை என்ன செய்தீங்கள்?

பீளமேடு டீசல்:

ஷெட்டில்தான் இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

சிங்காநல்லூர் பட்டறை:

சும்மா சாக்கில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். வாத்தியார் கணக்கில் அதில் இன்னும் 235 நியூட்டன் இருக்கிறது, அதாவது நாற்பது பாருக்கு மேல். இரும்புக் கடையில் வேலை செய்யும் பையன்கள் எல்லாவற்றையும் கேஸ் கட்டர் வைத்து வெட்டுவார்கள். சூடு பட்டால் அது வெடிக்கும். பெயின்டால் "உள்ளே கேஸ், வெட்டாதே, சூடு காட்டாதே" என்று தமிழில் பெரிதாக எழுதி, கடைக்காரர் கையிலேயே கொடுத்து வாயாலும் சொல்லுங்கள். வாங்க மாட்டேன் என்றால் என் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். நான் இந்த மாதிரி சாமான்களைத் தனியாகச் சேர்த்து வைத்து, தெரிந்த இடத்துக்குத்தான் அனுப்புகிறேன்.

குன்னூர் வளைவு:

டிக்கி ஷாக்கையும் ஒரு முறை மெஷினில் அமுக்கிப் பாருங்கள். அதற்கும் அதே இருபது வயதுதான்.

பீளமேடு டீசல்:

பார்த்தேன். இரண்டும் மெல்ல இறங்க ஆரம்பித்திருக்கின்றன, ஜோடியாகவே ஆர்டர் கொடுத்துவிட்டேன். பழைய பானெட் ஷாக்கைப் பெயின்டால் எழுதி நாளைக்கு சிங்காநல்லூருக்குக் கொண்டு வருகிறேன் அண்ணா.

இந்த ஞாயிறு காலை ஆறரைக்கு அப்பா ஷெட்டுக்குப் போனார். பனி கொஞ்சம் இருந்தது. நான் பின்னாலேயே போய் நின்றேன். பானெட்டைத் தூக்கினார், கையை எடுத்தார், ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முன் விளிம்பை விரலால் கீழே அமுக்கிவிட்டு எடுத்தார், அது திரும்ப மேலே போனது. அப்புறம்தான் குனிந்தார். மாப்புக் கட்டை எங்கே என்று கேட்டார். எடுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். டிப்ஸ்டிக்கைத் துடைத்துக் காட்டினார், ஆயில் மேல் கோட்டில் இருக்கிறது.